பீஸ் ரேட்டை விட்டு மாதச் சம்பளத்துக்கு வரச் சொல்கிறார்கள், சூப்பர்வைசர் வேலையாம். போகலாமா?

ஓவர்லாக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் 22 வருடமாகத் தைக்கிறேன். ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. காலேஜ் படிக்கிற மகளைக் கேட்டாலும் வீட்டில் மற்றவர்களைக் கேட்டாலும் "உன் இஷ்டம்" என்கிறார்கள், அதனால் இங்கே கேட்கிறேன்.

2003-இல் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. முதலில் கைமடி. டெய்லர் தைத்துத் தள்ளுகிற பீஸைப் பிரித்து, மடித்து, அடுக்கிக் கொடுக்க வேண்டும். டெய்லர் டீக்குப் போகிற பத்து நிமிடத்தில் அவருடைய மெஷினில் உட்கார்ந்து கழிவுத் துணியில் ஓட்டிப் பழகினேன். ஒன்றரை வருடத்தில் ஓவர்லாக் மெஷின் (துண்டுகளைச் சேர்த்து ஓரத்தைப் பின்னுவது) வந்துவிட்டது, பிறகு பேட்லாக் (கீழ் மடிப்பைத் தைப்பது), சிங்கரும் (ஒற்றை ஊசி மெஷின்) ஓரளவு வரும். பாடி, கை, கழுத்து ரிப் வெட்டிக் கொடுத்தால் முழு டி-ஷர்ட்டையும் நான் ஒருத்தியே தைத்து எடுத்துவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, கேள்விக்குத் தேவைப்படுகிறது. சரி, கொஞ்சம் பெருமையும்தான்.

இப்போது இருக்கிற கம்பெனிக்குள் ஒன்பது வருடமாகப் போய்வருகிறேன். ஆனால் கம்பெனி ஆள் கிடையாது, காண்ட்ராக்டரின் ஆள். நடுவில் ஒரு காண்ட்ராக்டர் போய் இன்னொருவர் வந்தார். மெஷின் அதேதான், நான் உட்காரும் ஸ்டூலும் அதேதான், சனிக்கிழமை சம்பளம் எண்ணிக் கொடுக்கிற கைதான் மாறியது. பீஸ் ரேட், தைத்த பீஸுக்குத்தான் கூலி. சீசனில் ஒன்றரை ஷிப்ட் போட்டால் ஒரு நாளைக்கு 950 ரூபாய் பார்த்துவிடுவேன். ஆர்டர் இல்லாத வாரத்தில் மூன்று நாள் வேலை வந்தாலே பெரிது.

2025 ஆகஸ்டில் அமெரிக்காக்காரன் 50 சதவீதம் வரி போட்டானே, அதற்குப் பிறகு எங்கள் கம்பெனியில் பாதி ஆர்டர் நின்றது. நின்ற நேரத்தில் முதலாளியின் மகன் தையல் கூடத்தையே மாற்றிவிட்டார். காண்ட்ராக்ட் பேட்ச் இரண்டை அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் லைன் போட்டார்கள். வரிசையாக மெஷின். முதல் பெண் தோள் சேர்ப்பாள், அடுத்தவள் ரிப் கட்டுவாள், அதற்கடுத்தவள் கை ஏற்றுவாள், இன்னொருத்தி சைடு, கடைசியில் பாட்டம். தைப்பவர்கள் எல்லோரும் ஒடிசாவிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பிள்ளைகள். ஒன்றரை மாதப் பயிற்சி. வரிசையின் தலைமாட்டில் ஒரு பலகை, அதில் மணிக்கு மணி எண்ணிக்கை எழுதுகிறார்கள்.

போன மாதம் ஒன்று நடந்தது. லைனில் நேவி நீல டி-ஷர்ட் ஓடிக்கொண்டிருந்தது. நான் பக்கத்துப் பேட்சில் இருந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்து போகிற வழியில், தைத்துக் குவித்திருந்த குவியலைப் பார்த்தேன். என்னவோ உறுத்தியது. ஒன்றை எடுத்து ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். ட்யூப் லைட்டில் ஒரே நீலமாக இருந்தது, வெயில் பட்டதும் பாடி ஒரு நீலம், கை ஒரு நீலம். கையில் லேசாகச் சிவப்பு ஓடியது. பண்டல் ஸ்டிக்கர் உரிந்து விழுந்ததை யாரோ எடுத்து வேறு பண்டலில் ஒட்டியிருக்கிறார்கள். ஒரு சாயத்தில் வந்த பாடிக்கு இன்னொரு சாயத்தில் வந்த கையை ஏற்றியிருக்கிறார்கள். அதற்குள் 340 பீஸ் போய்விட்டது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. கை ஏற்றுகிற பெண்ணுக்குக் கையை மட்டும்தான் காட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். "நீங்கள் லைன் சூப்பர்வைசராக வந்துவிடுங்கள், கம்பெனி ரோலில் போடுகிறோம், மாதம் 18,500, பிஎப், ஈஎஸ்ஐ உண்டு" என்றார். இந்த மாதத்துக்குள் சொல்ல வேண்டுமாம்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். பீஸ் ரேட்டை விட்டு 18,500-க்குப் போனால் லாபமா நஷ்டமா? ஒன்பது வருடம் இங்கே உழைத்தது என்ன கணக்கில் வரும்? இன்னொன்று, எனக்குத் தைக்கத் தெரியும், அதட்டத் தெரியாது. சூப்பர்வைசர் வேலை என்பது அதட்டுகிற வேலையாகத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்டாப்வாட்ச் தம்பி எழுதியது:

அக்கா, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் உங்கள் எதிர்க்கட்சி. ஐஇ டிபார்ட்மென்ட் (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்), வேலை நேரத்தை அளப்பவர்கள். லைன் போடுவதும் பலகையில் டார்கெட் எழுதுவதும் என் போன்றவர்கள்தான். கல் எறிவதற்கு முன் கொஞ்சம் கேளுங்கள்.

லைன் கணக்கு எப்படி வருகிறது என்றால், ஒரு சாதாரண வட்டக் கழுத்து டி-ஷர்ட்டுக்கு எல்லா ஆபரேஷனும் சேர்த்து 6 நிமிடம் என்று வையுங்கள். லைனில் 20 பேர். மணிக்கு 1,200 நிமிட உழைப்பு இருக்கிறது, ஆறால் வகுத்தால் 200 பீஸ். இது காகிதத்தில். புதிய லைனில் 100, 110 வந்தாலே முதலாளிக்குக் காபி இறங்கும். மீதி எங்கே போகிறது? பண்டல் வரவில்லை, நூல் அறுந்தது, கை ஏற்றுகிற இடத்தில் குவிந்துவிட்டது, பாட்டம் அடிப்பவர் வெறுமனே உட்கார்ந்திருக்கிறார். இருபது பேரில் யார் மெதுவோ அவர் வேகம்தான் லைனின் வேகம்.

அந்த அடைப்பை எடுக்க எல்லா மெஷினிலும் உட்காரத் தெரிந்த ஒரு ஆள் வேண்டும். குவிகிற இடத்தில் போய் அரை மணி நேரம் தைத்துக் கொடுத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போவார். ப்ளோட்டர் என்போம். இன்று நான் வேலை பார்க்கிற கூடத்தில் 160 டெய்லர்கள். அப்படி உட்காரத் தெரிந்தவர்கள் நான்கு பேர், நால்வருமே நாற்பது தாண்டிய அக்காமார்கள். பிள்ளைகளுக்கு ஒரே ஆபரேஷனைக் கற்றுக்கொடுத்து அதிலேயே வைத்திருந்தால் இப்படித்தான் ஆகும். இது எங்கள் கை வைத்துச் செய்த வேலை, ஒப்புக்கொள்கிறேன்.

எங்களிடம் ஒரு தாள் உண்டு. இடது ஓரத்தில் பெயர்கள், மேலே ஆபரேஷன்கள், தெரிந்ததற்கு நேரே கட்டத்தை நிரப்புவோம். உங்கள் பெயருக்கு நேரே வரிசை முழுக்க நிரம்பிவிடும். ஆனால் கட்டம் நிரம்புவதால் சம்பளம் தானாக நிரம்பாது, நீங்கள்தான் கேட்க வேண்டும். எத்தனை ஆபரேஷன் தெரியும் என்பதை வைத்து கிரேடு பிரித்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

இன்னொரு யோசனை. சூப்பர்வைசராகப் போகாதீர்கள், சாம்பிள் செக்ஷன் கேளுங்கள். பையருக்கு அனுப்புகிற மாதிரி பீஸை அங்கே ஒருவரே முழுதாகத் தைப்பார். லைன் எவ்வளவு வந்தாலும் சாம்பிளை லைனில் போட முடியாது. முழு பீஸ் தைக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த ஊரில் மிச்சமிருக்கிற நல்ல நாற்காலி அது.

பின்குறிப்பு: ஸ்டாப்வாட்சோடு நான் பின்னால் போய் நின்றால் அக்காமார்கள் ஊசியில் நூல் கோர்க்கவே இரண்டு நிமிடம் எடுப்பார்கள். எனக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும்.

பவர்டேபிள் அண்ணாச்சி எழுதியது:

தங்கச்சி, முழு பீஸ் தைக்கிற ஆள் என்று படித்ததும் கை பரபரத்துவிட்டது. நான் பவர் டேபிள் வைத்திருக்கிறேன், கம்பெனிக்காரரிடம் துணி வாங்கித் தைத்துக் கொடுக்கிற சின்னத் தையல் கூடம். ஆறு மெஷினில் ஆரம்பித்தது, இப்போது பதினெட்டு. நானும் டெய்லராக இருந்தவன்தான்.

போன மாதம் ஒரு பையன் வேலை கேட்டு வந்தான். மூன்று வருட அனுபவம் என்றான். மெஷினில் உட்காரச் சொன்னால், "நான் சைடு மட்டும்தான் அண்ணா" என்கிறான். கை ஏற்றத் தெரியுமா என்றால் இல்லை. மூன்று வருடம்! பாவம், அவன் மேல் என்ன தப்பு.

என்னிடம் வந்தால் பீஸ் ரேட் பேசிக்கொள்ளலாம், சீசனில் உங்கள் 950-ஐத் தாண்டலாம். ஆனால் பொய் சொல்லி அழைக்க எனக்கு மனமில்லை. என்னிடம் பிஎப் கிடையாது. வேலை இல்லாத வாரத்தில் "சொல்லி அனுப்புகிறேன்" என்பேன். எனக்கே கம்பெனிக்காரர் பில்லுக்குப் பணம் தருவது தள்ளிப் போகிறது. சிறு தொழிலுக்கு 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதைச் சொல்லிக் கேட்டால் அடுத்த துணிக்கட்டு பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். அந்தச் சனிக்கிழமை நான் பொண்டாட்டி நகையைப் பார்ப்பேன், என் டெய்லர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

மகள் படிப்பு முடிகிற வரைக்கும் கம்பெனியில் இருங்கள். அதற்கு மேல் தோன்றினால் வாருங்கள், ஒரு மெஷின் காலியாகத்தான் இருக்கும்.

பஞ்சப்படி84 எழுதியது:

அம்மணி, நான் ஓய்வு பெற்ற கட்டிங் தொழிலாளி, சங்கத்தில் நாற்பது வருடம் இருந்தவன். 1984-இல் விலைவாசிக்கேற்ற பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்தோம். எனக்கு இருபது வயது. கஞ்சித்தொட்டிக்கு விறகு சுமந்த தோள் இது. அந்தப் போராட்டத்துக்குப் பிறகு முதலாளிகளுக்கு ஒரு கூரையின் கீழ் நூறு பேரை உட்கார வைப்பதில் ஒரு பயம் வந்தது. கட்டிங் ஒரு சந்தில், தையல் ஒரு சந்தில், செக்கிங் இன்னொரு சந்தில் என்று பிரித்தார்கள். காண்ட்ராக்டும் பவர் டேபிளும் பெருகின. நீங்கள் 2003-இல் வந்து இறங்கியது அப்படிப் பிரித்துப்போட்ட ஊருக்குள். இப்போது லைன் என்று சொல்லி எல்லோரையும் மறுபடி ஒரே கூரைக்குள் கூட்டிவருகிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். மொழி தெரியாத பிள்ளைகளாகப் பார்த்துக் கூட்டிவருகிறார்கள் என்பதையும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கதை போதும், உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

"சூப்பர்வைசர்" என்ற சொல்லையும் 18,500 என்ற எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். 2025 நவம்பர் 21-ஆம் தேதி முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அதில் தொழில் உறவுத் தொகுப்பு, மேற்பார்வை வேலையில் இருந்து மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் வாங்குபவரைத் "தொழிலாளி" என்ற சொல்லுக்கு வெளியே வைக்கிறது. வெளியே போய்விட்டால், நாளைக்கு வேலையை விட்டு நிறுத்தினால் தொழிலாளி என்ற முறையில் தொழில் தகராறு வழக்குப் போடுகிற கதவு உங்களுக்குக் கிடையாது. 18,500-இல் எது ஊதியம், எது படி என்று பிரித்துப் பார்த்தால் இன்று வரம்புக்குள் இருக்கலாம், அடுத்த உயர்வில் தாண்டிவிடும். பெயரை விட நீங்கள் உண்மையில் செய்கிற வேலைதான் முக்கியம் என்று வாதாடலாம். ஆனால் வாதாடுவதற்கு வருடங்கள் ஆகும், வக்கீலுக்குப் பணம் ஆகும். கடிதத்தில் "பயிற்றுநர்" என்றோ "சாம்பிள் டெய்லர்" என்றோ போடச் சொல்லுங்கள். வேலையும் அதுவாகவே இருக்கட்டும். இன்னொன்று, இந்த ஊரில் முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் போடுகிற சம்பள ஒப்பந்தத்தில் டெய்லருக்கு ரேட் உண்டு, செக்கிங்குக்கு உண்டு. சூப்பர்வைசருக்கு அங்கே யாரும் பேச மாட்டார்கள்.

ஒன்பது வருடக் கணக்கு. ஐந்து வருடம் தொடர்ந்து வேலை செய்தவருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. பீஸ் ரேட் ஆளுக்கும் உண்டு, இது பல பேருக்குத் தெரியாது. கடைசி மூன்று மாதச் சம்பளத்தின் சராசரியை நாள் கூலியாக எடுப்பார்கள், ஓவர்டைம் சேராது. வருடத்துக்கு 15 நாள் கூலி. உங்கள் சராசரி 650 என்று வந்தால் வருடத்துக்கு 9,750, ஒன்பது வருடத்துக்கு 87,750. கொடுக்க வேண்டியது காண்ட்ராக்டரா கம்பெனியா என்ற சண்டை கட்டாயம் வரும். அந்தச் சண்டையில் உங்களுக்கு வேண்டியது, ஒன்பது வருடமும் அதே கட்டிடத்துக்குள் வேலை செய்தீர்கள் என்பதற்கு ஆதாரம். தமிழ்நாட்டில் 1981-ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது, 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று. அதைக் கேட்பதற்கும் இதே ஆதாரம்தான்.

ஆகவே மூன்று பேச்சு. "பழைய கணக்கை முடித்துக்கொண்டேன், இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ராஜினாமா என்று ஒன்று எழுதி வாங்குவார்கள், அதுவும் வேண்டாம். புதுக் கடிதத்தில் பணித் தொடர்ச்சி என்று எழுதச் சொல்லுங்கள், எழுத மாட்டோம் என்றால் குறைந்தது புதிதாகச் சேர்ந்த ஆள் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடக் கூடாது. கடிதத்தில் முடிவுத் தேதி இருக்கிறதா என்றும் பாருங்கள். குறித்த கால வேலை என்றால் ஒரு வருடத்திலேயே பணிக்கொடை கணக்கு உண்டு, ஆனால் தேதி வந்ததும் வாசலைக் காட்டலாம்.

பிஎப் எடுத்துவிட்டீர்களா?

செக்கிங் டேபிள் எழுதியது:

அக்கா, நான் செக்கிங். படித்தவர்கள் பெரிய பெரிய கணக்கெல்லாம் சொல்லிவிட்டார்கள், நான் சின்னதாக ஒன்று சொல்கிறேன்.

நான் பீஸ் ரேட்டிலிருந்து ஷிப்டுக்கு மாறி மூன்று வருடம். முன்பு மகனுக்குக் காய்ச்சல் என்று போன் வந்தால் நாலு மணிக்கு எழுந்து போய்விடுவேன், எனக்குத்தான் பீஸ் குறையும், யாரும் கேட்க முடியாது. இப்போது விரல் வைத்துவிட்டுப் போனால் அரை நாள் போச்சு. அதற்குப் பதில், மழையில் கரண்டு போய் மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்தாலும் சம்பளம் உண்டு. போன வருடம் மஞ்சள் காமாலையில் படுத்தபோது ஈஎஸ்ஐயில் பணம் வந்தது. எது பெரிது என்று என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை.

சூப்பர்வைசர் ஆனால் ஒன்று நடக்கும். டீ நேரத்தில் உங்கள் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். எங்கள் லைனில் ஒரு அக்கா அப்படித்தான் ஆனார். அதே கூட்டத்தில் இருபது வருடம் வடை பிய்த்துத் தின்றவர். இப்போது டம்ளரை எடுத்துக்கொண்டு ஆபீஸ் பக்கம் போய் நின்றுகொள்கிறார்.

ஓவர்லாக்காரி எழுதியது:

டீ விஷயத்தைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை, அம்மணி. எங்கள் பேட்சில் பன்னிரண்டு பேர்.

பெரியவருக்கு: பிஎப் இரண்டு தடவை எடுத்துவிட்டேன். ஒன்று அப்பா காரியத்துக்கு, ஒன்று மகளின் காலேஜ் பீஸுக்கு. இப்போது பாஸ்புக்கில் நாலு வருடம்தான் தெரிகிறது. முதல் காண்ட்ராக்டர் காலத்தில் பிடித்தார்களா என்பதே தெரியவில்லை. கம்பெனி வாசலில் என் போட்டோ போட்டுக் கொடுத்த அடையாள அட்டை 2017-லிருந்து எல்லாம் வைத்திருக்கிறேன், வருடத்துக்கு ஒன்று.

தம்பி கேட்காமலே ஒரு கணக்குப் போட்டேன். சனிக்கிழமை சம்பளத்தை ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிவைப்பது என் பழக்கம். மகளை உட்கார வைத்துக் கடைசி 52 வாரத்தையும் கூட்டச் சொன்னேன். போனஸ் சேர்க்காமல் 1,98,400 வந்தது. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 16,533. கம்பெனி சொல்கிற 18,500-இல் பிஎப் 1,800, ஈஎஸ்ஐ 139 போனால் கையில் 16,561. வித்தியாசம் 28 ரூபாய்! மகள் சிரித்துவிட்டாள். நான் இத்தனை நாள் 950, 950 என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். ஜூன் மாதப் பக்கத்தில் தொடர்ந்து மூன்று வாரம் 1,650-க்கு மேல் இல்லை, அதை மனசு மறந்துவிடுகிறது. அந்த 16,533-க்கு நான் ராத்திரி எட்டரை வரை உட்கார்ந்திருக்கிறேன் என்பது வேறு.

அதட்டுவதைப் பற்றி. மேனேஜர் சொன்னார் என்று இரண்டு நாள் லைனில் போய் நின்று பார்த்தேன். ஒரு பிள்ளை, இருபது வயதிருக்கும், சைடு ஓட்டுகிறாள். தையல் தளர்ந்திருக்கிறது. அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குத் தெரிந்த இந்தி நூலுக்கு "தாகா", ஊசிக்கு "சுயி", அதோடு சரி. ஒன்றும் பேசவில்லை. அவள் தைத்த பீஸை வாங்கி, சைடை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துக் காட்டினேன். நூல் பல்லைக் காட்டியது. நான் தைத்த ஒன்றை இழுத்துக் காட்டினேன், காட்டவில்லை. அவள் விரலை எடுத்து டென்ஷன் திருகில் வைத்து, கால் சுற்றுத் திருப்ப வைத்தேன். ஓட்டினாள், இழுத்தாள், பல் தெரியவில்லை. மறுபடியும் அவளாகவே தளர்த்தி ஓட்டி, இழுத்துப் பார்த்து, மறுபடி இறுக்கினாள். அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதற்குள் லைனில் அவள் இடத்தில் பதினைந்து பீஸ் குவிந்துவிட்டது, பலகை எழுதுகிற பையன் என்னை முறைத்தான்.

சாம்பிள் செக்ஷன் பற்றி நான் யோசிக்கவே இல்லை, தம்பி. திங்கட்கிழமை கேட்கிறேன்.

பஞ்சப்படி84 எழுதியது:

அடையாள அட்டைகளைப் பத்திரமாக வையுங்கள், எல்லாவற்றையும் போட்டோ எடுத்து மகளுக்கும் அனுப்பிவையுங்கள். அந்த நோட்டும் ஆதாரம்தான். பேனா மையில் வாரா வாரம் எழுதிய கணக்கை அலட்சியம் செய்ய மாட்டார்கள். முதல் காண்ட்ராக்டர் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டிருந்தால் பிஎப் அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். காண்ட்ராக்டர் கட்டாவிட்டால் கம்பெனிதான் பொறுப்பு.

எடுத்தது போகட்டும். உங்களுக்கு 41 வயது, 58-க்கு இன்னும் 17 வருடம் இருக்கிறது. பத்து வருடச் சேவை சேர்ந்தால் மாத ஓய்வூதியம். வேலை மாறினால் மாற்றிக்கொள்ளுங்கள், எடுக்காதீர்கள். என் மனைவி எடுத்தவள். இன்று எனக்கு வருகிற ஓய்வூதியத்தில் இருவரும் மருந்து வாங்குகிறோம்.

ஓவர்லாக்காரி எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

சாம்பிள் செக்ஷன் கேட்டேன். மேனேஜர் ஒரு மாதிரி பார்த்தார், "அங்கே 17,000-தான்" என்றார். பரவாயில்லை என்றேன். வாரத்தில் இரண்டு நாள் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்குச் சம்மதித்தேன், பலகை பக்கம் போக மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். சாம்பிள் மாஸ்டர் சோதித்துப் பார்க்க ஒரு போலோ கொடுத்தார். ஓவர்லாக், பேட்லாக் எல்லாம் தண்ணீர் மாதிரி ஓடியது. பிளாக்கெட், அதாவது கழுத்துக்குக் கீழே பட்டன் வைக்கிற பட்டி, சிங்கரில். அதைத் தொட்டு ஆறேழு வருடம் இருக்கும். முதல் பட்டி ஒரு நூல் அளவு கோணிக்கொண்டது. மாஸ்டர் பார்ப்பதற்குள் நானே பிரித்துவிட்டேன். இரண்டாவது சரியாக வந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் மடித்து மேசை டிராயருக்குள் வைத்துக்கொண்டார். நல்லதுக்கா கெட்டதுக்கா என்று தெரியாமல் சாயங்காலம் வரை வயிறு கலங்கியது. மறுநாள் "வாங்க" என்றார்கள்.

நியமனக் கடிதம் நேற்று கொடுத்தார்கள். பெரியவர் சொன்னது சரியாகப் போயிற்று. பதவி என்ற இடத்தில் "மேற்பார்வையாளர் (சாம்பிள்)" என்று போட்டு, சேர்ந்த தேதி இந்த மாதம் ஒன்று என்று போட்டிருந்தார்கள். கூடவே காண்ட்ராக்டர் பெயருக்கு ஒரு தாள், கணக்கு முடிந்தது என்று. இரண்டையும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். ஹெச்ஆர் பெண் சின்னப் பெண்தான், "எல்லோரும் இதில்தான் கையெழுத்துப் போடுகிறார்கள் அக்கா" என்றாள். "நான் படித்துவிட்டேனே கண்ணு" என்றேன். பதவியை "சாம்பிள் டெய்லர்" என்று மாற்றித் தருகிறார்களாம். 2017 தேதியைப் பற்றி முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறார்களாம். கேட்டு வரும்வரை பழைய ஸ்டூலில் பழைய பேட்சோடுதான் இருக்கிறேன், பீஸ் ரேட்டில். இன்றைக்குக் கூட வடை என் முறை, பன்னிரண்டு வாங்கினேன்.

ஸ்டாப்வாட்ச் தம்பி எழுதியது:

ரொம்பச் சந்தோஷம் அக்கா. ஒரு சின்னச் சந்தேகம். அந்த இரண்டாவது பிளாக்கெட்டுக்கு எத்தனை நிமிடம் ஆனது?

ஓவர்லாக்காரி எழுதியது:

நூல் கோர்க்கவே இரண்டு நிமிடம் ஆகிவிட்டது, தம்பி.